மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டேன்

இரண்டு துடுப்புகளையும் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு நான் படகுக்குள் உட்கார்ந்திருந்தேன். கரையில் ஐந்து ஆண்கள் நின்றார்கள். அதில் ஒருவர் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டிக்குப் பக்கத்தில், படகுகளை இழுத்துக் கட்டும் சின்ன மணல் கரை. பூரி வைத்த டிபன் கேரியர், காபி பிளாஸ்க், புதுத் தூண்டில் கயிறு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பெரிய எஞ்சினியர் வந்திருந்தார். கூட அவருடைய மைத்துனர், இரண்டு கான்ட்ராக்டர்கள். துடுப்புப் போட என் கணவர். வெள்ளைக் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு எஞ்சினியர் உற்சாகமாக நின்றார். பூரி வாசனை எனக்கும் வந்தது. காலையில் நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

"துடுப்பைக் குடுங்கம்மா" என்றார்.

"மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டேன் சார்" என்றேன். "அதுவும் இன்னிக்கு ஒருத்தரைக்கூட ஏத்த மாட்டேன்."

அவர் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் மணலைப் பார்த்தார்.

இதற்கு மேல் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் படகு எங்களிடம் எப்படி வந்தது, கடலைப் பார்த்தே இராத ஒருத்திக்கு அவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கிணற்று நீச்சல்

அறுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் வேலுச்சாமி, ரோடு போடும் இலாகாவில் ஸ்டோர் கீப்பர். சிமெண்ட் மூட்டை, தார் பீப்பாய், மண்வெட்டி இவற்றுக்குக் காவல். திருமங்கலத்துப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி வந்த எங்களுக்கு மாயாபந்தரில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ் கிடைத்தது. எங்கள் மகள் செல்வி அப்போது கைக்குழந்தை.

அரிசிக்குக் குறைவில்லை. காய்கறி என்றால் கப்பல் வர வேண்டும். மீன் கடலில் நிறைய இருந்தது, பஜாரில் இல்லை. பிடித்தவன் தானே தின்றான், மிஞ்சினால் தெரிந்தவருக்குக் கொடுத்தான். அதனால்தான் என் கணவர் ஒரு டுங்கி வாங்கினார். தீவுகளில் சின்ன மரப்படகுக்கு அதுதான் பெயர். பர்மாவிலிருந்து வந்து வேபி கிராமத்தில் குடியேறிய கரேன் குடும்பம் ஒன்று புதிதாக ஒன்று செய்துகொண்டதால் பழையதை எங்களுக்குக் கொடுத்தது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குக் கரேன் பாஷை தெரியாது. இரண்டு பக்கமும் அரைகுறை ஹிந்தி. அந்த ஹிந்தியில் அவர்கள் பாட்டா, பாட்டா என்று எதையோ பலமுறை சொன்னார்கள். கையால் வெளிப்பக்கம் தள்ளிக் காட்டினார்கள். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தோம். கடல் வற்றி வெளியே ஓடுவதற்குப் பெயர் பாட்டா என்று பிற்பாடு தெரிந்தது. தெரிந்த விதம்தான் சரியில்லை.

என் கணவருக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கிணற்றில் படியிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள் நான். அந்தத் தைரியத்தில்தான் அவரோடு படகில் ஏறினேன். ஒரு கிணற்றுக்குள் தண்ணீர் நாலு பக்கமும் சும்மா நிற்கும். நாம் போகிற பக்கம் நம்மை விடும். கடல் அப்படி இல்லை என்று யார் எனக்குச் சொன்னார்கள்?

வெளியே ஓடிய தண்ணீர்

ஒருநாள் செல்வியைப் பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் விட்டுவிட்டு இருவரும் போனோம். லட்சுமம்மா விசாகப்பட்டினத்துக்காரர். அவர் கணவரும் அதே இலாகாதான். தெலுங்கு, ஹிந்தி, என்னிடம் கற்றுக்கொண்ட தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார்.

விரிகுடாவின் வாய்க்குப் பக்கத்தில் நங்கூரக் கல்லைப் போட்டோம். அன்றைக்கு மீன் கடித்தது பாருங்கள், தூண்டிலை இறக்கக்கூட விடவில்லை. சங்கரா, கலவா, பெயர் தெரியாத நீல மீன்கள். என் விரல் எல்லாம் கயிறு அறுத்து எரிந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உட்கார்ந்துவிட்டோம்.

தண்ணீர் எப்போது நின்றது, எப்போது திரும்பியது என்று தெரியாது. கயிறு விறைத்து, படகு மூக்கைத் திருப்பிக்கொண்டபோதுதான் பார்த்தேன். படகின் இரண்டு பக்கமும் தண்ணீர் வாய்க்கால் மாதிரி சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியே, பெரிய கடலைப் பார்த்து.

கல்லைத் தூக்கிவிட்டுத் துடுப்புப் போட்டோம். கரையில் ஒரு வளைந்த மரத்தைக் குறி வைத்துக்கொண்டு நான் பார்த்தேன். எவ்வளவு நேரம் இழுத்தாலும் அந்த மரம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம். நீச்சல் தெரிந்து என்ன பயன்? துடுப்புப் போட்டே நகர முடியாத இடத்தில் கையைப் போட்டு எங்கே போவது?

எதிர்த்துப் போவதை விட்டுவிட்டோம். குறுக்கே இழுத்தோம். அலையாத்திக் காட்டை ஒட்டி ஒரு மண்திட்டு தெரிந்தது, அதைத் தாண்டினால் வெளிக்கடல். அதில் போய் மோதி நின்றோம். சற்று நேரத்தில் சுற்றிலும் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. இடுப்பளவு சேறு. இறங்கி நடக்க முடியாது. திட்டின் மறுபக்கம் சேற்றில் ஏதோ கனமானது வழுக்கிக்கொண்டு இறங்கிய தடம் இருந்தது. முதலை என்று இருவருக்கும் தெரிந்தது. இருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

வெயில். கொசுவைவிடச் சின்னதான மணல் ஈக்கள் காது மடலுக்குள் புகுந்து கடித்தன. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோகவில்லை. பிடித்த மீன் எல்லாம் காலடியில் நாறத் தொடங்கியது. கடல் மறுபடி ஏறி எங்களைத் தூக்கிவிடும்வரை அப்படியே இருந்தோம். பொழுது சாய்ந்து ஜெட்டிக்கு வந்தபோது லட்சுமம்மா செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். குழந்தை என்னைப் பார்த்துவிட்டு, என்னிடம் வர மறுத்தது.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். கடலுக்குப் போவதை நிறுத்துவது என்பதல்ல அந்த முடிவு. அப்படி நிறுத்தினால் அது ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும். தெரியாமல் போவதை நிறுத்துவது.

மாதக்கணக்கில் ஜெட்டியின் தூணில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தேன். இன்றைக்கு ஏறிய நேரத்தைவிட நாளைக்கு முக்கால் மணி தள்ளி ஏறியது. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி நிறைய ஏறி, வேகமாக வற்றியது. கடல் ஏறும்போது போனால், கை ஓய்ந்தாலும் தண்ணீரே நம்மைத் தள்ளி வீட்டுப் பக்கம் கொண்டுவரும். முழுக்க ஏறி நிற்பதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். மீன் எவ்வளவு கடித்தாலும் சரி. சீமெண்ணெய் டின் இரண்டின் வாயை ஈயம் வைத்து அடைத்து, முன்னும் பின்னும் பலகைக்கு அடியில் கட்டினோம். படகு கவிழ்ந்தாலும் முழுகாது, பிடித்துக்கொண்டு மிதக்கலாம். நங்கூரக் கயிறு நீளமானது. குடிதண்ணீர் ஒரு குடுவை. தண்ணீர் இறைக்க வனஸ்பதி டப்பா. எங்கே போகிறோம் என்று லட்சுமம்மாவிடம் சொல்லாமல் கிளம்புவதில்லை.

படகின் வெளிப்பக்கம் தாரால் ஒரு கோடு இழுத்தேன். மூன்று பேர் ஏறினால் தண்ணீர் கோட்டைத் தொடும். நாலாவது ஆள் கால் வைத்தால் கோடு மறைந்துவிடும். அவ்வளவுதான்.

இழுப்பு

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். செல்விக்கு நாலு வயதில் இழுப்பு வந்தது. மழைக்காலத்தில் நெஞ்சு விசில் அடிக்கும். தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பேச முடியாமல் கண்ணால் என்னைப் பார்ப்பாள். மாயாபந்தரில் அப்போது சின்ன டிஸ்பென்சரிதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போர்ட் பிளேர் போக வேண்டும், அதற்குக் கப்பல் வர வேண்டும்.

அதனால் போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டிருந்தோம். அந்த மாற்றல் பெரிய எஞ்சினியர் கையில். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். நம் ஊர் மனிதர், மனது வைப்பார் என்று தமிழ் ஸ்டாஃப் எல்லோரும் சொன்னார்கள். மனது வைத்தும்விட்டார். அந்தமுறை டூர் வந்தபோது, அடுத்த லிஸ்டில் உன் பெயர் இருக்கிறது என்று என் கணவரிடம் சொல்லியிருந்தார். அதே மூச்சில், உன்னிடம் படகு இருக்கிறதாமே, ஞாயிற்றுக்கிழமை எதிர்த் தீவுக்குப் போய் மீன் பிடிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். இலாகா மோட்டார் லாஞ்ச் பழுதாகிக் கிடந்தது.

என் கணவர் சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் சொன்னார். பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள். அவர்கள் புறப்படும் நேரம் தண்ணீர் திரும்பும் நேரம். தென்மேற்குக் காற்றும் தொடங்கியிருந்தது. ஐந்து பேர் வேறு. போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு எஞ்சினியர் தங்கியிருந்த ரெஸ்ட் ஹவுஸ் வரை போனார், வாசலில் நின்றார், திரும்பி வந்தார்.

காலையில் எழுந்து அவருக்கு முன்னால் நான் கரைக்குப் போனேன்.

யார் வீட்டில் எஞ்சினியர்

"ஏன் இன்னிக்கு ஏத்த மாட்டீங்க?" என்று எஞ்சினியர் கேட்டார். குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"தண்ணி திரும்பப்போகுது சார். வெளியே இழுக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னய்யா வேலுச்சாமி, உங்க வீட்ல யாருய்யா எஞ்சினியர்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். கான்ட்ராக்டர்களில் ஒருவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் ஹிந்தியில், பாபிஜி, எஞ்சினியர் சாப் இதைவிடப் பெரிய கடலெல்லாம் பார்த்தவர் என்றார்.

"பெரிய கடலைப் பாத்தவர் பெரிய படகுல போகட்டும்" என்றேன்.

சிரிப்பு நின்றுபோனது. நான் துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செல்வியின் முகம் நினைவில் வந்தது. எழுந்து துடுப்பைக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் போர்ட் பிளேர். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த ஐந்து பேரில் நீந்தத் தெரியாத ஒருவர், துடுப்புப் போடப்போகிறவர், என் குழந்தையின் அப்பா.

"வேலுச்சாமி, உன் சம்சாரத்தை எந்திரிக்கச் சொல்லு" என்றார் எஞ்சினியர். இப்போது குரல் வேறு.

என் கணவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "படகு அவளோடது சார்" என்றார். "அவ சொன்னாத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பக்கத்தில் வந்து நிற்காமல், பழியை என் தலையில் இறக்கி வைத்துவிட்டு ஒதுங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

எஞ்சினியர் திரும்பி நடந்தார். கான்ட்ராக்டர்கள் ஓடிப்போய் மரம் ஏற்றும் பெரிய படகு ஒன்றையும் துடுப்புக்கு நாலு ஆட்களையும் பிடித்து வந்தார்கள். எங்கள் டுங்கியைத் தாண்டிப் போகும்போது மைத்துனர் எனக்குக் கை காட்டினார்.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் திரும்பி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பல வருடம் கழித்துக்கூட நான் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். படகில் தண்ணீர் ஏறியது, எஞ்சினியர் பலகையைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நல்ல பயணமாம். நிறைய மீனாம். அதில் ஒரு பெரிய கலவாவைப் பியூன் கையில் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பயந்தவங்க வீட்டுக்கு ஒண்ணு என்று சாப் சொன்னதாக, பியூன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

வாங்கிக்கொண்டேன். செதில் எடுத்து, தலையைத் தனியாக வைத்து, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். நன்றாக இருந்தது. மீன்மேல் எனக்கு என்ன கோபம்?

மாஃபி

அதற்குப் பிறகு பஜாரில் என்னைப் பார்த்தாலே யாராவது தண்ணி திரும்பப்போகுது என்பார்கள். டீக்கடையில், ரேஷன் கடையில், ஜெட்டியில். ஹிந்தியில் ஒருவன், வங்காளியில் ஒருவன். ஒரு தடவை தப்பி வந்ததால் போனது சரியாகிவிடுமா என்று கேட்கத் தோன்றும். யாரிடம் கேட்பது? அவர்கள் கையில் மீன் இருந்தது.

லிஸ்ட் வந்தது. என் கணவர் பெயர் இல்லை.

மன்னிப்புக் கேட்டால் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆபீஸில் தலைமை கிளார்க் மூலம் சொல்லி அனுப்பினார்கள். அந்தம்மா செய்தது தப்பு என்று புருஷன் வந்து சொன்னால் போதும். லட்சுமம்மா ஓடி வந்தார். "மரகதம், ஜித்தி பண்ணாத, பிடிவாதம் வேண்டாம். ஒரு மாஃபிதானே? பிட்டியா மூச்சைப் பாரு." என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

மழை தொடங்கியது. ஒரு மத்தியானம் செல்விக்கு இழுப்பு வந்தது, அதுவரை வந்ததிலேயே பெரியது. கூரைமேல் மழை அடித்த சத்தத்திலும் அவள் நெஞ்சு விசில் அடிப்பது கேட்டது. உதடு கறுத்துவிட்டது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் மழையில் நனைந்துகொண்டு வந்து ஊசி போட்டார். மெல்ல மெல்ல இழுப்பு தணிந்தது. அவள் தூங்கியதும் நான் முகத்தைக் கழுவிக்கொண்டு புடவை மாற்றினேன்.

என் கணவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். எங்கே என்று கேட்டார்.

தலைமை கிளார்க் வீட்டுக்குப் போகிறேன், நான் செய்தது தப்பு என்று நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போது எனக்கு மானம், ரோஷம் எதுவும் இல்லை. கடலையும் தார்க் கோட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, எவன் காலில் விழச் சொன்னாலும் விழுந்திருப்பேன்.

"வேண்டாம்" என்றார்.

நான் குடையை எடுத்தேன். அவர் எழுந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை மறித்து நின்றதில்லை.

"சனிக்கிழமையே நான் சொல்லிருக்கணும். ரெஸ்ட் ஹவுஸ் வாசல்வரைக்கும் போயிட்டு வாய் வரலை. நீ சொன்ன. இப்ப அதைத் தப்புன்னு நீ சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, அப்புறம் எந்தத் தண்ணியில நாம ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குறது?"

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"லீவு போட்டிருக்கேன். அடுத்த கப்பல்ல போர்ட் பிளேர் கூட்டிட்டுப் போறோம். மாத்தல் தராட்டி போகட்டும். டிக்கெட் தர மாட்டேன்னு சொல்ல முடியாதுல்ல?"

போனோம். டாக்டர் பார்த்தார், மருந்து கொடுத்தார், இழுப்பு வந்தால் எப்படி உட்கார வைப்பது, எதைக் கொடுப்பது என்று சொல்லித் தந்தார். உடனே குணமாகிவிட்டது என்று எழுத முடியாது. அடுத்த இரண்டு மழைக்காலமும் பயந்துகொண்டேதான் இருந்தோம். வயது ஏற ஏறக் குறைந்தது. இப்போது போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில், எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவாள்.

ஜெட்டிக்கு முன்னால்

கப்பலில் திரும்பி வந்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகலாம் என்றார் என் கணவர். மழை விட்டிருந்தது, காற்று இல்லை, காலையில் ஏறு தண்ணீர்.

அதுவரை எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஜெட்டி கண்ணுக்கு மறையும்வரை அவர் துடுப்புப் போடுவார். மறைந்த பிறகு நான் வாங்கிக்கொள்வேன். பெண்டாட்டி துடுப்புப் போட, புருஷன் உட்கார்ந்து போகிறான் என்று பேசுவார்கள் என்பதற்காக. அன்றைக்கு அவர் நேராகப் போய்ப் பின்பலகையில் செல்வியோடு உட்கார்ந்துகொண்டார். துடுப்பு என் பக்கம் கிடந்தது.

ஜெட்டியில் நல்ல கூட்டம். சாமான் இறக்கும் ஆட்கள், ஆபீஸ்காரர்கள், இரண்டு கான்ட்ராக்டர்களில் ஒருவர். நான் அவர்களுக்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டு போனேன். அவசரப்படவில்லை. யாரோ ஏதோ கத்தினார்கள். என் கணவர் செல்விக்குத் தூண்டிலில் இரை கோர்க்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. ஆனால் இந்தமுறை அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லட்சுமம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கரைக்கு வந்து நின்றார். "மைன் பி வரேன்" என்றார், நானும் வருகிறேன் என்று. அப்புறம் குவார்ட்டர்ஸில் இருந்த மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கடலைத் தினமும் பார்த்துக்கொண்டு, ஒருநாளும் அதன்மேல் போகாதவர்கள். என்னோடு இரண்டு பேர். மற்றவர்கள் கரையில். பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள், ஒல்லியாக இருப்பவள் என்னைச் சேர்த்தால் என்ன என்பார்கள். சேர்க்க மாட்டேன்.

மாற்றல் கிடைக்காமல் இன்னும் ஆறு மழைக்காலம் மாயாபந்தரில் இருந்தோம். கடைசி வருடம் புது எஞ்சினியர் ஒருவர் குடும்பத்தோடு டூர் வந்தார். அவர் மனைவி டில்லிப் பக்கம், நல்ல உயரம், நல்ல புடவை. கரைக்கு வந்து படகில் ஏறப் புடவையைத் தூக்கினார். ஏற்கெனவே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பதறி எழுந்து இடம் கொடுக்கப் போனாள். உட்காரு என்றேன்.

அந்தம்மாவிடம், கடல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னொரு நடை போக நேரம் இருக்கிறது, இவர்களை இறக்கிவிட்டு வருகிறேன் என்று என் ஹிந்தியில் சொன்னேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மணலில் உட்கார்ந்து காத்திருந்தார்.